கடைவீட்டு ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? கியோங் சைக் ரோட்டுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் முன்பெல்லாம் "முஸ்தபா பக்கத்தில் நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்பார்கள். இப்போது கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பி, "இங்கே தங்கினால் எப்படி இருக்கும்?" என்கிறார்கள். படத்தில் மரச் சன்னல், பூப்போட்ட தரை ஓடு, பித்தளை விளக்கு, வெல்வெட் நாற்காலி எல்லாம் இருக்கும். பழைய கடைவீட்டை மாற்றி அமைத்த சின்ன ஹோட்டல்; பூட்டிக் ஹோட்டல் என்று பெயர். பெரும்பாலும் சைனாடவுன் வட்டாரம். அதிலும் கியோங் சைக் ரோடு, டக்ஸ்டன், புக்கிட் பாசோ பக்கம்.

நல்ல இடங்கள்தான். ஆனால் பெரிய ஹோட்டலில் தங்கிப் பழகியவர்கள் அதே எதிர்பார்ப்போடு வந்து இறங்கினால் முதல் ராத்திரியே முகம் சுருங்கிவிடும். அறை சின்னது, படி செங்குத்து, கீழே மதுக்கூடம். நிர்வாகத்தின் கஞ்சத்தனம் சில இடங்களில் உண்டு என்றாலும், முக்கால்வாசிக் காரணம் கட்டடம்தான். எந்தக் கட்டடத்தை அழகு என்று படம் பிடிக்கிறோமோ, அதுவேதான் இடைஞ்சலையும் தருகிறது. அதனால் ஹோட்டல் பெயரைத் தேடும் முன்னால் கட்டடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கட்டடம்

கடைவீடு என்பது கீழே கடை, மேலே வீடு. முகப்பு ஐந்தாறு மீட்டர் அகலம்தான் இருக்கும். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கச் சுவர்களும் பக்கத்துக் கடைவீட்டோடு பொதுச் சுவர்கள். ஆகவே பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் பின்பக்கத்துச் சந்திலிருந்து, அதுவும் இல்லையென்றால் நடுவில் வானம் பார்த்தபடி விட்டிருக்கும் திறந்த வெளியிலிருந்து. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைக் குறுக்கிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருக்கும் அது. தரைத்தளத்தில் முன்னால் தூண் வைத்த மூடிய நடைபாதை ஒன்று ஓடும். ஐந்தடிப் பாதை என்பார்கள். வெயிலிலும் மழையிலும் குடையில்லாமல் நடக்க வசதியான இந்த ஏற்பாடு, 1822இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குப் போட்ட திட்டத்திலேயே இருக்கிறது.

1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்களைப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பிறகு கடைவீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டுப் பத்து மாடி கட்ட முடியாது. முகப்பு, சன்னல், கூரை எல்லாவற்றுக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. இந்த நீளமான பெட்டிக்குள்தான் ஹோட்டல்காரர் அறைகளைப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் நான்கு விதமான அறைகள் கிடைக்கும்.

முன்னறைக்குத் தெருவைப் பார்த்த மரச் சன்னல் இருக்கும். காலை வெளிச்சம் அருமையாக வரும். படங்களில் நீங்கள் பார்ப்பது இந்த அறையைத்தான். தெருவின் சத்தமும் அப்படியே உள்ளே வரும். பழைய மரச் சன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து உங்கள் தூக்கம்.

பின்னறை அமைதியானது, ஆனால் பார்வைக்கு ஒன்றும் இருக்காது. சந்தில் குளிர்சாதனப் பெட்டிகளின் வெளிக்கருவிகள், சாப்பாட்டுக் கடைகளின் புகைக்குழாய்கள். நன்றாகத் தூங்க வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

நடு அறைக்குச் சன்னலே இருக்காது, இருந்தாலும் முற்றத்தைப் பார்த்திருக்கும். விலை குறைவு. பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இரவு வந்து படுப்பவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. மூடிய இடத்தில் மூச்சு முட்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மேல்மாடி அறை ஓட்டுக்கூரைக்கு அடியில். சாய்ந்த கூரை, உத்தரம், சில இடங்களில் கண்ணாடி வைத்த கூரைத்திறப்பு. பார்க்க ஆசையாக இருக்கும். ஆறடி உயரக்காரர்கள் கட்டிலிலிருந்து எழும்போது குனிய வேண்டிவரலாம். இதே ரகத்தில் பரண் அறை என்று ஒன்று உண்டு: கீழே நாற்காலியும் குளியலறையும், மேலே ஏணி மாதிரிப் படி ஏறினால் கட்டில். ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போகிறவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது ஆகவே ஆகாது.

எந்தப் பேட்டை

இந்தக் கட்டுரை கியோங் சைக் பக்கத்தைப் பற்றியது. காரணம், சிங்கப்பூரின் கடைவீட்டு ஹோட்டல் மோகம் சூடுபிடித்தது இந்தத் தெருவில்தான். மலாக்காவில் பிறந்த வணிகர் டான் கியோங் சைக்கின் பெயர் கொண்ட தெரு. 1960கள் தொடங்கி சிவப்பு விளக்குத் தெருவாகவே பேர் எடுத்திருந்தது. "அந்தத் தெருவுக்குப் போகாதே" என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். 2003இல் லோ லிக் பெங் என்பவர் இங்கே ஹோட்டல் 1929ஐத் திறந்தார். 1929இல் கட்டிய கடைவீடுகளைச் சேர்த்து, தான் சேகரித்த பழைய நாற்காலிகளையெல்லாம் அறைகளில் போட்டார். அப்போது பலர் சிரித்தார்கள். அப்புறம் சாப்பாட்டுக் கடைகள், காபி நிலையங்கள், வடிவமைப்பு அலுவலகங்கள் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன.

வேறு பேட்டைகளும் உண்டு. லிட்டில் இந்தியாவில் டிக்சன் ரோட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் 2010இல் ஹோட்டலானது. ராபர்ட்சன் கீ பக்கம் ஆற்றோரத்தில் 1895ஆம் ஆண்டுச் சரக்குக் கிடங்கு ஒன்று 2017இல் தி வேர்ஹவுஸ் ஹோட்டலாகத் திறந்தது. கிடங்கு என்பதால் கூரை உயரம். கடைவீட்டு இடுக்கு அங்கே இல்லை. கடற்காற்றும் பெரனாக்கன் (சீன, மலாய்க் கலப்புப் பண்பாட்டு) வீடுகளும் வேண்டும் என்றால் ஜூ சியாட், காத்தோங் பக்கம் பாருங்கள்.

முதல் முறை வருபவருக்கு நான் கியோங் சைக்கைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் ஊட்ரம் பார்க் எம்ஆர்டி. மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையம், தெருவிலிருந்து சில நிமிட நடை. வடகிழக்குப் பாதையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. சாம்பார் இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தாங்காதவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

அறை விவரத்தைப் படிக்கும் விதம்

அறைகளுக்குப் பெயர் வைப்பதில் இவர்கள் கில்லாடிகள். "கோஸி", "பெட்டிட்", "ஸ்னக்" என்று எதைப் போட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான்: சின்ன அறை. பெயரை விட்டுவிட்டுச் சதுர மீட்டரைப் பாருங்கள். அதைப் 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும். 14 சதுர மீட்டர் என்றால் சுமார் 150 சதுர அடி. அதற்குள் குளியலறையும் அடக்கம். ஐந்தடி அகலக் கட்டிலைப் போட்ட பிறகு, இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் திறந்துவைக்க முடியாது. ஒருவர் பெட்டியை மூடினால்தான் இன்னொருவர் திறக்கலாம். 18, 20 என்று இருந்தால் இரண்டு பேர் நிம்மதியாக இருக்கலாம்.

படங்களை நம்பாதீர்கள். அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் எல்லா அறையும் கல்யாண மண்டபம்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று மட்டும் பாருங்கள். கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால், உள்ளே படுப்பவர் வெளியே படுப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தங்கியவர்கள் போட்ட படங்கள் இருந்தால் ஹோட்டல் போட்டதைவிட அவற்றையே நம்பலாம். குறை சொல்லி எழுதியவற்றை முதலில் படியுங்கள். அவற்றில் "சத்தம்", "வாடை", "படி" ஆகிய மூன்று சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று பாருங்கள். மற்ற குறைகளை ஆளுக்கு ஆள் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்து குளியலறை. வடிவமைப்பாளர்களுக்குக் கண்ணாடி மேல் அப்படி என்ன காதலோ தெரியவில்லை. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் வெறும் கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் நிறைய. சில இடங்களில் கழிப்பறைக்கே கதவு கிடையாது, பக்கவாட்டில் தள்ளிச் சாத்தும் ஒரு பலகை மட்டும். புதுமணத் தம்பதிக்குச் சரி. அம்மாவோடு வரும் மகளுக்கோ, அண்ணன் தம்பிக்கோ சங்கடம். என் சித்தப்பாவும் சித்தியும் வந்தபோது எடுத்த அறையில் திரைகூட இல்லை. சித்தி குளிக்கும்போதெல்லாம் சித்தப்பா கீழே வரவேற்பறையில் போய் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அந்தப் பயணத்தில் சிங்கப்பூர் அரசியல் முழுவதும் அவருக்கு அத்துப்படி.

பதிவுசெய்யும் முன்பு ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரிய ஹோட்டலில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இருபது முப்பது அறை உள்ள இடத்தில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். கேட்க வேண்டியவை: லிஃப்ட் உண்டா, உண்டென்றால் என் மாடி வரை வருமா? அறைக்குச் சன்னல் உண்டா, அது எதைப் பார்த்திருக்கிறது? கீழே மதுக்கூடம் உண்டா? குளியலறைக்கு மூடிய சுவரும் கதவும் உண்டா? கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், இங்கே எல்லாருக்கும் பழகிய கேள்விதான். குழாய் இல்லை என்று வந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். வாளியும் குவளையும் எங்கும் கிடைக்காது.

மூன்றாவது ஆளை ஒரே அறையில் திணிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கூடுதல் கட்டில் போட இடமே இருக்காது. பதிவுசெய்யாத ஆளை இரவில் தங்கவிடவும் மாட்டார்கள். பார்க்க வரும் உள்ளூர்ச் சொந்தங்களைக் கீழே வரவேற்பறையில் பார்த்துக்கொள்ளலாம். நாலு பேர் குடும்பம், வயதான பெற்றோர், ஐந்து நாள் தங்கல் என்றால் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: சாதாரண ஹோட்டலுக்குப் போங்கள். இரண்டு பேர், இரண்டு மூன்று இரவு என்றால்தான் இது ருசிக்கும்.

விலையைக் கூட்டிப் பார்த்தல்

சிங்கப்பூர் ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் கூட்டல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. இந்த 9, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குப் போடப்படுகிறது. ஆக மொத்தம் 19.9 விழுக்காடு. 220++ என்று போட்டிருந்தால் 220ஓடு 22 சேர்ந்து 242, அதற்கு ஜிஎஸ்டி சேர்ந்து 263.78 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று இரவுக்கு 791.34. ஒரு இணையத்தளம் வரியைச் சேர்த்தும் இன்னொன்று சேர்க்காமலும் காட்டும். ஒப்பிடும்போது இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். சேவைக் கட்டணம் இதிலேயே வந்துவிடுவதால் டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

காலை உணவு சேர்ந்த விலை, சேராத விலை என்று இரண்டு இருந்தால் சேராததை எடுங்கள். கீழே இறங்கினால் கோப்பிக்கடை இருக்கும்போது, அதைப்போல் பல மடங்கு கொடுத்து ஹோட்டல் மேசையில் ரொட்டி தின்பானேன்?

சீனப் புத்தாண்டு, செப்டம்பர் அக்டோபர் வாக்கில் வரும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஆகிய நாள்களில் விலை எகிறும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் சைனாடவுன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே பதிவுசெய்யுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ ஒருவரின் அடுக்குமாடி வீட்டைச் சில நாளுக்கு வாடகைக்கு எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசாங்க வீடுகளுக்கு ஆறு மாதம். விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கிளம்பும் முன்

எஸ்ஜி வருகை அட்டையை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர்தான், மூடிவிடுங்கள். தங்கும் முகவரியைக் கேட்கும், ஹோட்டலின் அஞ்சல் குறியீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசாவும் தேவை. வருகை அட்டை வேறு, விசா வேறு.

இங்கே சுவரில் இருப்பது சதுரக் கால் வைத்த மூன்று பின் பிளக். இந்திய உருண்டைப் பின் இதில் போகாது. மின்னழுத்தம் 230 வோல்ட், அதில் சிக்கல் இல்லை. அடாப்டர் ஒன்றும், பல துளைகள் உள்ள நீட்டிப்பு வயர் ஒன்றும் போதும். பழைய கட்டடங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு துளைதான் இருக்கும், அதிலும் அழகு விளக்கைச் சொருகி வைத்திருப்பார்கள்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். லிஃப்ட் இல்லாத இடத்தில் முப்பது கிலோவை மூன்றாம் மாடிக்குத் தூக்குவது யார் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஈ-சிகரெட் எதையும் பெட்டியில் போட வேண்டாம், வைத்திருப்பதே குற்றம். சூயிங் கம்மும் கொண்டுவரக் கூடாது.

வந்து சேரும் நாள்

சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் அரை மணி நேரம். ரயிலில் வந்தால் தானா மேராவில் மாறி, கிழக்கு மேற்குப் பாதையில் ஊட்ரம் பார்க் வரை நேராக வரலாம். தனியாகப் பயண அட்டை வாங்கத் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதையே கதவில் தட்டலாம். வெளிநாட்டு அட்டைக்கு நாளுக்கு ஒரு சிறு கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் இரவு விமானங்கள் பல விடிகாலையில் இறங்கும். அறையோ பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான். சின்ன ஹோட்டலில் முந்திய விருந்தாளி காலிசெய்தால்தான் உங்களுக்கு அறை. மாற்றித் தர வேறு அறை இருக்காது. பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே போகத் தயாராக வாருங்கள். மாற்று உடையும் பல் தூரிகையும் கைப்பையில் தனியாக இருக்கட்டும். சில இடங்களில் இரவு வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார். கதவுக் குறியீட்டை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார்கள். விமானம் ஏறும் முன்பே அதைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவின்போது வைப்புத்தொகை கேட்பார்கள். கடன் அட்டையில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். டெபிட் அட்டையில் பிடித்தால் உங்கள் சொந்தப் பணம்தான் முடங்கும். அது திரும்ப வர நாள்கணக்கில் ஆகலாம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் கதவைச் சாத்திவிட்டு மூக்கால் பாருங்கள். பழைய சுவர், ஈரக் காற்று, ஓயாத குளிர்சாதனம் மூன்றும் சேர்ந்தால் சில அறைகளில் ஈர வாடை நிற்கும். ஹோட்டல்காரர் வாசனைத் திரவியம் அடித்து மறைத்திருப்பார், அதனால் அலமாரியைத் திறந்து பாருங்கள். உண்மை அங்கே தெரியும். அடுத்து குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். குளியல் தண்ணீர் கழிப்பறைப் பக்கம் ஓடுகிறதா? குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்தால் எவ்வளவு இரைகிறது? சன்னல் தாழ்ப்பாள் பிடிக்கிறதா? இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் உடனே கீழே போய் வேறு அறை கேளுங்கள். பெட்டியைப் பிரித்து, குளித்து, கட்டிலில் படுத்த பிறகு கேட்டால் அவர்களுக்கு மனம் வராது. இன்னொரு முறை அறையைச் சுத்தம் செய்ய வேண்டுமே.

அப்புறம் விளக்குகள். சாவி அட்டையைச் சுவரில் சொருகினால்தான் மின்சாரம். அதற்கு மேல் ஒவ்வொரு சுவிட்சும் ஒரு புதிர். எழுத்து எதுவும் இல்லாத பித்தளைக் குமிழ்கள் ஏழெட்டு இருக்கும். தலைமாட்டில் ஒன்றைத் தட்டினால் குளியலறை அணையும், குளியலறையில் தட்டினால் கட்டிலுக்கு அடியில் எரியும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்து, மொத்தமாக அணைக்கும் குமிழ் எது என்று கண்டுபிடித்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குளிர்பெட்டியில் இருக்கும் அழகான கண்ணாடி பாட்டிலுக்குக் காசா என்று கேட்டுவிட்டுத் திறங்கள். கொதிகெண்டியில் நூடுல்ஸ் போடாதீர்கள். பழைய மர மேசைகளில் சூடான டம்ளரை நேராக வைத்தால் வட்டத் தழும்பு விழும், அதற்குப் பணம் பிடிப்பார்கள். அறையில் புகைத்தாலும் சுத்தம் செய்யும் கட்டணம் என்று கணிசமாகப் போடுவார்கள். டுரியான் பழத்தை எந்த ஹோட்டலும் உள்ளே விடாது. தெருவிலேயே நின்று தின்றுவிட்டு, கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள்.

வாசலுக்கு வெளியே

இத்தனை காசு கொடுத்து இந்தப் பேட்டையில் தங்குவதே தெருவுக்காகத்தான். காலை ஏழு மணிக்கு இறங்கி நடங்கள். சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, கடைவீடுகளின் முகப்பை நிதானமாகப் பார்க்கலாம். சில முகப்புகளின் உச்சியில் கட்டிய ஆண்டு இருக்கும். டெக் லிம் ரோடு சேரும் முனையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு முக்கோணக் கட்டடம் நிற்கும், 1939ஆம் ஆண்டுக் கட்டடம். தோங் ஆ என்ற கோப்பிக்கடை பல காலம் அங்கே இருந்தது, பிறகு அதே தெருவில் வேறு கடைவீட்டுக்கு மாறியது.

தெருவின் கிரேத்தா ஆயர் ரோட்டு முனையில் நம்மவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். ஸ்ரீ லயன் சித்தி விநாயகர் கோயில். 1925இல் நகரத்தார் கட்டியது, இன்றும் அவர்களுடைய கோயில் சங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் அண்ணனைப் பார்க்க இங்கே வந்துவிட்டு மாலையில் திரும்புவார். அந்த நாளில் இந்தப் பக்கம் அறை கிடைத்தால் விடாதீர்கள். மதுக்கூடங்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே நாதஸ்வரம் கேட்பது வேறெங்கும் வாய்க்காது. சாதாரண நாளில் காலையிலோ மாலையிலோ போங்கள், நண்பகலில் நடை சாத்தியிருக்கும். பத்து நிமிடம் நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும், சற்றுத் தள்ளி சூலியா (தென்னிந்தியத் தமிழ்) முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமே பள்ளிவாசலும்.

காலை உணவுக்குக் கோப்பிக்கடை. "கோப்பி" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் சேர்த்து வரும். பால் இல்லாமல் வேண்டுமானால் "கோப்பி ஓ", சீனியும் வேண்டாம் என்றால் "கோப்பி ஓ கோசோங்". காயா தடவிய ரொட்டியும் அரை வேக்காட்டு முட்டையும் வழக்கமான ஜோடி. சுத்த சைவர்கள் கவனிக்க: காயாவில் தேங்காய்ப்பால், சீனியோடு முட்டையும் உண்டு. சீனக் கடையில் "வெறும் காய்கறி" என்று வாங்கினாலும் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கலாம். சைவர்களுக்கு இந்தப் பக்கத்தில் நம்பிக்கையான இடம் புத்தர் பல் கோயிலின் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடம்; முழுக்கச் சைவம். இட்லி தோசைக்குப் பேசாமல் ரயில் ஏறுங்கள். சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது.

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் நடக்கும் தூரம்தான். மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள், எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம்.

வெள்ளி, சனி இரவுகளில் கியோங் சைக், டக்ஸ்டன் இரண்டும் கும்மாளம். கடைகளுக்கு வெளியே ஐந்தடிப் பாதை வரை ஆட்கள் நின்று குடித்துக்கொண்டிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெண்கள் தனியாக நடந்து வரலாம். ஆனால் முன்னறைக்காரர்களுக்கு அன்று தூக்கம் தள்ளித்தான் போகும். பல ஹோட்டல்களில் கேட்டால் காதடைப்பான் கொடுப்பார்கள். முடிந்தால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை தங்குங்கள். தெரு அமைதியாக இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு.

கிளம்பும் நாள்

அறையைக் காலி செய்யும் நேரம் 11 அல்லது 12 மணி. முந்தைய இரவே பில்லின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து நீங்கள் எடுக்காத பொருள் அதில் ஏறியிருந்தால் நிதானமாகப் பேச நேரம் இருக்கும். பிடித்து வைத்த தொகையை விடுவித்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். இரவு விமானம் என்றால் பெட்டியை மாலை வரை அவர்களிடமே விட்டுவிடலாம். குளித்துவிட்டுப் போக இடம் உண்டா என்றும் விசாரியுங்கள், சில இடங்களில் பொதுக் குளியலறை இருக்கிறது.

சாங்கியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜிஎஸ்டியைத் திருப்பித் தரும் இயந்திரங்களில் ஹோட்டல் பில்லைக் காட்டி நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கல் செலவுக்கு அது கிடையாது. கடையில் வாங்கி ஊருக்கு எடுத்துச் செல்லும் பொருள்களுக்கு மட்டும்தான், அதுவும் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். வரிசையில் நிற்பதற்கு முன்னால் ரசீதுகளை அதற்கேற்பப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.